சிவப்பு மாத்திரைக்கு அரை டம்ளர் டீ

மாத்திரையா போடப்போறீங்க? இருங்கம்மா, இருங்க. வெறும் தண்ணியில போடாதீங்க. இந்தப் பையில ஃபிளாஸ்க் இருக்கு, காலையில நானே போட்ட டீ. அரை டம்ளர் ஊத்துறேன், வழுக்கிக்கிட்டு இறங்கும்.

என்னது, ஆழியார் போய்ப் போடுறீங்களா? அதுவும் சரிதான். இந்த நாப்பது வளைவும் முடியாம வயித்துல எதுவும் தங்காது. வண்டி அட்டகட்டியே இன்னும் தாண்டல. அப்ப நானும் அங்கயே குடிக்கிறேன். தனியாக் குடிச்சா எனக்கு டீ எறங்காது.

அந்த மாத்திரையை எனக்கு நல்லாத் தெரியும்மா. சிவப்பா, பட்டாணி கணக்கா இருக்கும். ரத்தம் கம்மின்னா குடுப்பாங்க. மாசமா இருக்கீங்களா? இல்லையா? அய்யோ, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. டீ ஃபேக்டரியில ட்ரையர் மிசின் பக்கத்துலயே நின்னு வாழ்க்கை போயிருச்சா, அந்த இரைச்சல்ல கத்திக் கத்திப் பேசி, இப்ப பஸ்ஸுலயும் அதே தொண்டைதான். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு பாருங்க. பாக்கட்டும்.

என் பேரு தங்கையா. மேல எஸ்டேட்டுதான். கோயம்புத்தூர் போறேன். நாளைக்குக் காலையில எம்பொண்ணு ஓடுறா. இந்துஜான்னு பேரு. மூவாயிரம் மீட்டர். மைதானத்தை ஏழு சுத்து முழுசா வந்து, இன்னொரு அரைச் சுத்தும் வரணும். பாக்குறவனுக்கே மூச்சு வாங்கும். அங்க கவர்மெண்ட் விளையாட்டு விடுதியிலதான் தங்கிப் படிக்கிறா. நாளைக்கு ஜெயிச்சா வெளி மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம்.

சந்தோசம்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா அலுத்துப் போச்சும்மா. அந்த ஒரு வருசம் நான் பட்ட பாடு இருக்கே, அதுலயே என் சந்தோசம் எல்லாம் செலவாயிருச்சு. அந்த மாத்திரையைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்திருச்சு. சொல்றேன், கேளுங்க. வளைவு முடியுற வரைக்கும் வேற என்ன பண்ணப் போறோம்?

இந்துஜா சின்னதுலயே காலு நிக்காத பிள்ளை. ஃபேக்டரிக்கு எனக்குச் சோத்துத் தூக்குக் கொண்டாருவா. எஸ்டேட் குடியிருப்பு லைன் வீட்டுலருந்து ஃபேக்டரி நல்ல ஏத்தம். மத்த பொம்பளைங்க இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ஏறி வருவாங்க, இவ ஓடியே வருவா. ரசம் சிந்தாது. எங்க பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சரா வந்த பியூலா டீச்சர் இதை ஒரு நாள் ரோட்டுல நின்னு பாத்துட்டாங்க. நேரா வீட்டுக்கு வந்து, "இந்தப் பிள்ளையை என்கிட்ட விடுங்க, தங்கையா"ன்னாங்க. விட்டேன். வட்டாரம் ஜெயிச்சா, மாவட்டம் ஜெயிச்சா. பத்தாவது படிக்கிற பிள்ளை, பெரிய காலேஜுப் பிள்ளைங்க மாதிரி ஓடுறான்னு பேப்பர்ல கூடப் போட்டிருந்தான். ஃபேக்டரியில அன்னிக்கு எல்லாருக்கும் என் செலவுல டீ.

அதுக்கு அடுத்த வருசம் வந்துச்சு வினை. விடுதிக்கு ஆள் எடுக்குற தேர்வு அந்த வருசம்தான். அதுல தேறிட்டா சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. தேறலேன்னா? பன்னெண்டாவது முடிச்சதும் அவ ஆத்தா மாதிரி கொழுந்து பறிக்கக் கூடையைத் தூக்கணும். சுப்புத்தாயி, அதான் என் வீட்டுக்காரி, முதுகு வளைஞ்சு போயி நிக்கிறதை தினம் பாக்குறேன். அதே கூடை எம்பொண்ணு தலையிலயும் தொங்கணுமான்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்.

அந்த நேரம் பாத்துப் பிள்ளை துவண்டு போச்சு. ஏத்தத்துல பாதியில உக்காந்துக்குது. உதடெல்லாம் வெளுப்பு. பச்சரிசிப் பானைக்குள்ள கையை விட்டு விட்டு அரிசியை மெல்லுது. அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்னு அவ ஆத்தா ஏசுறா. எங்க மலையில மழைக்கா பஞ்சம், கொட்டிட்டுப் போகட்டும்னு நான் சிரிச்சேன். டீச்சர் சிரிக்கல. நேரா எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

ரத்தம் எட்டு. பன்னெண்டு இருக்க வேண்டியது எட்டுதான் இருக்குன்னாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. டீச்சர் விவரம் சொன்னாங்க. வண்டிக்கு டீசல் மாதிரி, ஓடுற உடம்புக்கு ரத்தத்துல இரும்புச் சத்து வேணுமாம். மூச்சுக் காத்தைத் தூக்கிட்டுப் போயி காலுக்குக் குடுக்கறதே அதுதானாம். ஓடுற பிள்ளைங்களுக்கு வேர்வையிலயும் கொஞ்சம் போகும், வயசுக்கு வந்த பொம்பளைப் பிள்ளைன்னா மாசாமாசமும் போகும், சாப்பாட்டுல திரும்ப வராட்டி இப்படித்தான் ஆகும்னாங்க. எனக்கு அந்த மாசப் பேச்செல்லாம் கேக்கக் கூச்சமா இருந்துச்சு, வெளிய போயி நின்னுக்கிட்டேன். ஆனா சத்து வேணும்ங்கறது மண்டையில ஏறிருச்சு.

எங்க ஆஸ்பத்திரியில ஏலியம்மான்னு ஒரு சிஸ்டர். கோட்டயத்துக்காரங்க. நல்ல மனுசி, இல்லேங்கல. ஆனா கண்டிசன்னா கண்டிசன். இதே சிவப்பு மாத்திரையைக் குடுத்துட்டு, "தங்கையா, நல்லாக் கேட்டுக்கணும். வெறும் வயித்துல எலுமிச்சம்பழத் தண்ணியில குடுக்கணும். இல்லேன்னா நெல்லிக்காய் கடிச்சுக்கிட்டுப் போடணும். டீ கூடாது, காபி கூடாது, பால் கூடாது. சாப்பாட்டுக்கு மேலயும் உடனே டீ கொடுக்காதீங்க"ன்னாங்க.

எங்கிட்டப் போயி டீ கூடாதாம்! இருபத்தஞ்சு வருசமா என் கையில காஞ்சு வந்த டீத்தூள்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே போகுது. அந்த சிஸ்டர் காலையில குடிக்கறதே அதைத்தான். சரி, கோட்டயத்துல காபி குடிச்சு வளந்தவங்களா இருக்கும், டீ மேல என்ன கோவமோன்னு நினைச்சுக்கிட்டேன்.

இருந்தாலும் சொன்னதைச் செய்யாமலா இருந்தேன்? மொத நாள் செஞ்சேன். வெறும் வயித்துல, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மாத்திரையைக் குடுத்தேன். பத்து நிமிசம்கூட ஆகல, பிள்ளை வாசல்ல குத்த வெச்சு வாந்தி. குடல் வெளிய வந்திரும்போல. மாத்திரை அப்படியே சாக்கடையில கெடக்கு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மறுநாள் ஒரு டம்ளர் டீயைக் கெட்டியாப் போட்டு, பாலை நல்லா ஊத்தி, சக்கரை கூடப் போட்டு, அதுல மாத்திரையைக் குடுத்தேன். வாந்தி இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருந்தா. இப்ப நீங்களே சொல்லுங்க, எது சரி? வயித்துல நிக்கறதுதானேம்மா ஒடம்புல ஒட்டும்?

அப்புறம் பாருங்க, ஒரு நாள் தவறவிட்டதில்ல. மழையா, காய்ச்சலா, ஃபேக்டரியில நைட் ஷிப்டா, எதுவா இருந்தாலும் காலையில எங்கையால மாத்திரை, எங்கையால டீ. சுண்ணாம்புச் சத்துக்குன்னு டீச்சர் ஒரு வெள்ளை மாத்திரை குடுத்திருந்தாங்க, அதை ராத்திரி போடச் சொல்லியிருந்தாங்க. ராத்திரி நான் ஷிப்டுல இருப்பேன், யாரு பாத்துக் குடுக்கறது? ரெண்டையும் காலையிலயே ஒண்ணாக் குடுத்துட்டேன். வேலையும் முடிஞ்சுது, மறதியும் இல்ல.

சாப்பாடா? அதைக் கேளுங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அவளுக்குப் போட்டேன். முருங்கைக்கீரை எங்க குளிருல வராது, பொள்ளாச்சியிலருந்து வர்ற காய்கறி வண்டிக்காரங்கிட்டச் சொல்லி வெச்சு வாங்குவேன். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், அவிச்ச முட்டை. ஞாயித்துக்கிழமை ஆடு அறுக்குற இடத்துல விடியறதுக்கு முன்னாடி போயி நிப்பேன், சுவரொட்டிக்கு, அதான் ஆட்டு மண்ணீரலுக்கு. ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதானே இருக்கும், அதுக்கும் போட்டி. ஒரு தடவை ஃபேக்டரி ஆபீசர் வீட்டு ஆளுகூடச் சண்டையே போட்டேன், "உங்க ஐயா ஓடப் போறாரா, எம்பொண்ணு ஓடப் போறாளா"ன்னு. சுவரொட்டியை மிளகு போட்டு வறுத்து, அவ முன்னாடி நானே உக்காந்து ஊட்டாத குறையாத் தின்ன வைப்பேன். தின்னு முடிச்சதும் ஒரு டம்ளர் டீ. மேல டீ விழுந்தாத்தானே செமிக்கும்.

"அப்பா, டீ வேண்டாம்ப்பா"ன்னு ஒரு தடவை சொன்னா. எனக்கு மொகம் சுருங்கிப் போச்சு. ஏன்னு கேட்டேன். டம்ளரை எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டா. நல்ல பிள்ளைம்மா. எம்மேல உசுரு அவளுக்கு.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தாங்க. எட்டே கால். நான் போட்ட கீரைக்கும் முட்டைக்கும் சுவரொட்டிக்கும் சேர்த்து ஒரு கால்! தலையில அடிச்சுக்கிட்டேன். சிஸ்டருக்கு மொகம் மாறிருச்சு. என்னைப் பாக்கல, பிள்ளையைப் பாத்து, "மோளே, உண்மை சொல்லு, மாத்திரையை எதுல போடுறே?"ன்னாங்க. எனக்குத் திக்குன்னுச்சு. இந்துஜா என் மொகத்தைப் பாத்தா. பாத்துட்டு, "தண்ணியிலதான் சிஸ்டர்"னு சொன்னா. அப்பனை விட்டுக் குடுக்கல பாருங்க! வெளிய வந்ததும் அவ தலையைத் தடவிக் குடுத்தேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தா.

தண்ணியிலதான் போடுறான்னா ஏன் ஏறல? ஒடம்புல வேற எங்கயோ ரத்தம் போகுதுன்னு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அந்த அலைச்சலைச் சொல்லவா? இதே பஸ்ஸு, இதே வளைவு, பிள்ளை ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு. ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல குழாய் விட்டுப் பாத்தாங்க. அந்தக் குழாய் உள்ள போறப்ப என் கையை அவ பிடிச்ச பிடி இருக்கே, நகம் பதிஞ்சு போச்சு. ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க. பூச்சி மாத்திரை ஒண்ணு குடுத்து அனுப்பிட்டாங்க. இவ்வளவு படிச்சவங்க, ஒரு காரணம் கண்டுபிடிக்கத் தெரியல. டாக்டருங்க மேல எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது அன்னிக்குத்தான்.

தேர்வு நாள் வந்துச்சு. காலையில மாத்திரையும் டீயும் குடுத்து நெத்தியில திருநீறு பூசிக் கூட்டிட்டுப் போனேன். மொதல் நாலு சுத்து அவதான் முன்னாடி. அஞ்சாவது சுத்துல ஒரு பிள்ளை தாண்டுச்சு. அப்புறம் ரெண்டு. கடைசிச் சுத்துல இந்துஜா ஓடல, நடந்தா. நடந்தவ அப்படியே தரையில உக்காந்துட்டா. மத்தவங்க எல்லாம் அவளைச் சுத்திக்கிட்டு ஓடிப் போறாங்க. நான் கம்பிக்கு வெளிய நின்னு, "எந்திரி தாயி, எந்திரி"ன்னு கத்துறேன். என் ஃபேக்டரித் தொண்டையே அன்னிக்கு எட்டல.

பெத்தவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நான் அழுதேம்மா. வெக்கம் இல்லாமச் சொல்றேன், அவ்வளவு பேருக்கு நடுவுல துண்டை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். ஃபிளாஸ்க்குலருந்து ஒரு டம்ளர் ஊத்தி அவகிட்ட நீட்டுனேன், தெம்பு வரட்டும்னு. டீச்சர் அங்க நின்னாங்க. அந்த ஃபிளாஸ்க்கையே பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. "தினமும் இதுதானா, தங்கையா?"ன்னாங்க. ஆமா டீச்சர், வீட்டு டீதான், கடை டீ குடுக்கறதில்லேன்னேன்.

மறுநாளே வீட்டுக்கு வந்துட்டாங்க. அடுத்த வருசமும் வயசு இருக்கு, இன்னொரு தடவை எழுதிப் போடலாம், அதுவரைக்கும் பிள்ளை அவங்க வீட்டுல இருக்கட்டும்னாங்க. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. ஏன், என் வீட்டுல சோறு இல்லையா? என் கீரை கீரை இல்லையா? நான் என்ன குறை வெச்சேன்னு கேட்டேன். "குறை இல்ல தங்கையா, கூடிப்போச்சு"ன்னாங்க. பெரிய பேச்சு! நானும் விடல. ஆனா அன்னிக்கு வரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத சுப்புத்தாயி எந்திரிச்சு வந்து, "பிள்ளை போகட்டும்"னா. அவ்வளவுதான். துணிப்பையைக் கட்டி வெச்சுட்டா. இந்துஜா என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா.

டீச்சர் வீடு டவுனுக்குள்ள. போய்ப் பாத்தா, அந்த வீட்டுல டீத்தூளே கிடையாதும்மா! தேயிலை மலை மேல குடியிருந்துக்கிட்டு வெந்நீர் குடிக்கிறாங்க. வந்தவனுக்கும் வெந்நீர்தான், அதுல ரெண்டு சீரகம். எம்பொண்ணு அங்க எப்படி இருந்தாளோ! நான் ஒரு பொட்டலம் தூள் கொண்டு போயிருந்தேன். டீச்சர் வாங்கி அலமாரி மேல வெச்சுட்டாங்க. அடுத்த வாட்டி போறப்ப அது அப்படியே, நான் கட்டுன நூலு கட்டுன மாதிரி இருக்கு.

அங்க போயி மூணு மாசத்துல ரத்தம் பதினொண்ணு. அப்புறம் பன்னெண்டுக்கும் மேல. உதடு சிவந்துச்சு, அரிசி தின்னறது நின்னுச்சு, டவுன் ரோட்டுல பஸ்ஸுகூடப் போட்டி போட்டு ஓடுறா.

எப்படின்னு கேக்குறீங்களா? நானும் யோசிச்சேன். டவுன்ல குளிர் கம்மி, அது ஒண்ணு. டீச்சர் வீட்டுல காலையும் சாயங்காலமும் முட்டி போட்டு ஜெபம் பண்ணுவாங்க, எந்தச் சாமியா இருந்தாலும் சாமிதானே, அது ஒண்ணு. ஆனா எனக்குத் தோணுறது வேற. நான் போட்ட சுவரொட்டி, கீரை எல்லாம் ஒடம்புல சேந்துக்கிட்டேதான் இருந்திருக்கு. மெதுவா வேலை செஞ்சிருக்கு. வெதைச்சது நானு, அறுத்தது டீச்சர். ஊரெல்லாம், "பியூலா டீச்சர் பிள்ளையைத் தேத்திட்டாங்க"ன்னு பேச்சு. நான் வாயைத் திறக்கல. யார்கிட்டப் போயிச் சொல்றது? அலுத்துப் போச்சு.

அந்த வருசம் தேறிட்டா. விடுதியில சேத்தாச்சு. அதுலருந்து மாசம் ஒரு பொட்டலம் தூள் நம்ம பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்பிடுவேன். சும்மா தூள் இல்ல. ரெண்டு தினுசு கலந்து, வாசம் பாத்து, எங்கையால கட்டுனது. போன்ல கேப்பேன், "தூள் வந்துச்சா தாயி?" "வந்துச்சுப்பா." "நல்லா இருக்கா?" "எல்லாரும் நல்லா இருக்குன்னாங்கப்பா."

போன தீவாளிக்குப் போய்ப் பாத்தேன். விடுதி வார்டன் அம்மா என்னைப் பாத்ததும், "நீங்கதான் டீத்தூள் அப்பாவா! உங்க டீதான் எங்களுக்கு உசுரு. பாவம், இந்துஜாதான் வாயில வைக்கவே மாட்டேங்கறா"ன்னாங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? நூறு பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிறாங்க, யாரு குடிக்கிறா, யாரு குடிக்கலேன்னு எப்படிக் கண்டாங்க? நான் இந்துஜாவுக்கு ஃபிளாஸ்க்குலருந்து ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்தேன். "அப்புறம் குடிக்கிறேம்ப்பா"ன்னா. கையிலயே வெச்சுக்கிட்டு என்கூட கேட்டு வரைக்கும் வந்தா. நான் ரோட்டைத் தாண்டி பஸ்ஸுல ஏறித் திரும்பிப் பாத்தேன். அந்த டம்ளரை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துக்கிட்டு இருக்கா. பாருங்க, வயசான மனுசன்னு எரக்கப்பட்டு, தான் குடிக்காம அவருக்குக் குடுக்குது. அப்படி ஒரு மனசு.

தோ, கீழ ஆழியார் அணைத் தண்ணி தெரியுது பாருங்க. வளைவு முடிஞ்சுருச்சு. வண்டியை நிறுத்துறான், செக்போஸ்ட்டுல கொஞ்ச நேரம் நிப்பான். இப்பப் போடுங்கம்மா மாத்திரையை. இருங்க, மூடியைத் திறக்குறேன். ஆவி வருது பாருங்க, இன்னும் சூடு ஆறல. வாசம் எப்படி? பிடிங்க.

என்னம்மா, தண்ணியிலயே போட்டுட்டீங்க?

இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்ல. என்ன சொன்னீங்க? அப்புறம் குடிக்கிறீங்களா?

ம்.

யாரும்மா உங்களுக்குச் சொன்னது, டீயில போடக் கூடாதுன்னு? டாக்டரா? டீயில இருக்குற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்குமா? ரத்தத்துல சேரவே விடாதா? பாலும் அப்படித்தானா? அந்தச் சுண்ணாம்பு மாத்திரை... அதையும் கூடப் போடக் கூடாதா?

ஓகோ.

உங்க டாக்டருக்கு எந்த ஊரும்மா? கோட்டயமா?

கோயம்புத்தூரா. சரி. இல்ல, சும்மா கேட்டேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் பாருங்க. இப்பத்தான் ஞாபகம் வருது. டீச்சர் வீட்டுக்கு நான் மொத தடவை போனப்ப, கதவு சாத்தியிருந்துச்சு. தட்டப் போறேன், உள்ள இந்துஜா குரல் கேட்டுச்சு. "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். அவர் ஒடைஞ்சு போயிருவாரு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. என்னமோ படிப்பு விசயம், மார்க்கு கொறைஞ்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். எதைன்னு நான் கேட்டுக்கல. அவளும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன அடிச்சிருவேனா? பெத்த அப்பன்கிட்டச் சொல்றதுக்கு என்ன? அந்தக் குழாயை விட்டப்பக் கூட, என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தாளே, அப்பக் கூட...

இல்லம்மா, தூசி. வேற ஒண்ணும் இல்ல. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

டம்ளரைக் குடுங்க, நீங்க சிரமப்பட்டுப் பிடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். நான் குடிக்கிறேன். அட, எனக்கும் வேண்டாம்போல இருக்கு. இருக்கட்டும், மூடி வெச்சுடறேன்.

நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஓடுறா. நல்லா ஓடுவா. இப்பெல்லாம் கடைசிச் சுத்துலதான் அவ வேகமே எடுக்குறாளாம், வார்டன் அம்மா சொன்னாங்க.

யம்மோ! நெல்லிக்காய்! ஜன்னலைத் திறங்கம்மா. இந்தப் பக்கம் வா தாயி. மொளகாப்பொடி போடாதே, உப்பும் வேண்டாம், அப்படியே குடு. நல்ல பெருசாப் பாத்து எடு. இந்தப் பையில போடு. இன்னும் போடு. ஃபிளாஸ்க்கை வெளிய எடுத்துக்கறேன், எடம் இருக்கும்.

அவளுக்கு இல்லம்மா. சும்மா, வழியில வாய்க்குப் போட்டுக்கத்தான்.